பிள்ளைக் காம்பரா ஆயாம்மாவின் ஃபேஸ்புக்

இராஜம் ஆயாம்மாவைத் தெரியாத ஒருவர் அந்தத் தோட்டத்தில் இருந்தால், அவர் அங்கே பிறக்காதவர். கேகாலை மாவட்டத்து ரப்பர் தோட்டம் அது. மேட்டுப் பக்கம் கொஞ்சம் தேயிலையும் உண்டு. தாய்மார் ரப்பர் பால் வெட்டவும் கொழுந்து எடுக்கவும் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடத்துக்குப் பிள்ளைக் காம்பரா என்று பெயர். வாசல் பலகையில் சிறுவர் பராமரிப்பு நிலையம் என்று எழுதியிருக்கிறது. பலகையை யாரும் வாசிப்பதில்லை. வாழ்நாளின் பெரும்பகுதியை இராஜம் அந்தக் காம்பராவில் கழித்தார். போன மாசி மாதம் காலமானார். அவர் செய்த ஒரு காரியத்தை எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. செய்தவர் அதைப் பெரிதாக நினைக்கவில்லை என்பதுதான் காரணம்.

காம்பராவில் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. காலையில் வேலைக்குப் பேர் பதிகிற பிரட்டுக்குப் போகிற அவசரத்தில் தாய்மார் ஓடி வருவார்கள். இராஜம் கையை நீட்டுவார். பிள்ளையை வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார். ஒன்றே ஒன்றுதான்.

"ராத்திரி இருமுனானா?"

அல்லது, "பல்லு வர்ற எடத்த கடிச்சிக்கிட்டே இருக்காளா?"

பதில் வரும்வரை பிள்ளை கை மாறாது. பேர் பதிந்து முடித்துவிடுவார்கள் என்று தாய் தவித்தாலும் அசைய மாட்டார்.

"சொல்லிட்டு போ. நீ சொல்லாட்டி இவன் எனக்கு எப்பிடி சொல்லுவான்?"

கேள்வி அந்தந்தப் பிள்ளைக்கு உரியதாக இருக்கும். நேற்று ஒருத்தியிடம் கேட்டதை இன்று இன்னொருத்தியிடம் கேட்க மாட்டார். மாதத்துக்கு ஒரு முறை பிள்ளைகளைத் தொங்கு தராசில் போட்டு நிறை பார்ப்பார்கள். நிறை குறைந்த பிள்ளையின் தாயை மட்டும் பின்பக்கம், பால் காய்ச்சும் அடுப்பங்கரைக்குக் கூப்பிட்டுப் பேசுவார். மற்றவர்கள் காதில் விழாது.

ஓய்வு பெற்ற வருடம் மகள் சசி ஒரு ஃபோன் வாங்கிக் கொடுத்தாள். சசி கொழும்பில், தொலைபேசிக் கோபுரங்களைப் பராமரிக்கும் நிறுவனமொன்றில் தொழில்நுட்ப அலுவலர். வரிசை வீடுகளான லயத்தில் தங்கள் வீட்டுக்குள் அளந்து பார்த்து, முன்பக்க ஜன்னல் ஓரத்தில் மட்டுமே சிக்னல் எடுக்கும் என்று சொல்லிவிட்டு, அங்கே ஒரு ஸ்டூலைப் போட்டாள். ஃபேஸ்புக்கும் திறந்து கொடுத்தாள்.

நட்பழைப்புகள் வந்து குவிந்தன. எல்லாம் காம்பராவில் வளர்ந்த பிள்ளைகள். எம்பிலிப்பிட்டியவில் தைக்கிறவள், இரத்தினபுரியில் மாணிக்கக் கல் பட்டை தீட்டுகிறவன், கொழும்புக் கடைகளில் வேலைக்கு நிற்கிறவர்கள், சவுதியில் வீட்டு வேலைக்குப் போனவர்கள். சசி சொல்லிக் கொடுத்தாள்.

"யாராவது ஹாய்னு போட்டா நீங்களும் ஹாய்னு போடுங்கம்மா."

"போட்டா அவன் என்னா சொல்லுவான்?"

"ஒரு பூ அனுப்புவான். இல்லாட்டி கை கும்பிடுற படம்."

"அப்புறம்?"

"அவ்ளோதான்."

"அதுக்கு பேசாமயே இருந்துறலாமே."

தட்டச்சு அவருக்குச் சரிப்படவில்லை. குரலைப் பதிந்து அனுப்புவதைப் பிடித்துக்கொண்டார். காம்பரா வாசலில் கேட்ட மாதிரியே, ஆளுக்கு ஒரு கேள்வி. சவுதிக்காரியிடம், "அந்த வூட்டுல ஒனக்குன்னு ஒரு ஜன்னல் இருக்கா?" பட்டை தீட்டுகிறவனிடம், "கல்லு தூசி மூக்குல போகாம என்னா கட்டிக்கிற?" கேட்டுவிட்டு விட்டுவிடுவார். பதில் வந்தால் கேட்பார், அதிலிருந்து அடுத்ததைக் கேட்பார். அமெரிக்க ராணுவ ஜெனரல் என்று ஒரு வெள்ளைக்காரர் 'ஹலோ டியர்' என்று வந்தார். அவரையும் விடவில்லை. "ஒங்க அம்மா இருக்காங்களா, யாரு பாத்துக்கிறா?" என்று தமிழில் கேட்டு அனுப்பினார். ஜெனரல் அதோடு காணாமல் போனார்.

சசியின் வேலை இரண்டு இடங்களுக்கு நடுவே சிக்னல் போகிறதா என்று பார்ப்பது. போன பிறகு என்ன பேசுவது என்பது அவள் படித்த பாடத்தில் இல்லை. அம்மா செய்வதை லீவு நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டாள்.

அடுத்த வீட்டில் ஜெயம்மா இருந்தார். லயத்தில் இரண்டு வீடுகளுக்கு நடுவில் இருக்கும் சுவர் கூரை வரைக்கும் போகாது. அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். அழுதாலும் கேட்கும். ஜெயம்மாவின் ஒரே மகன் தினேஷ் கட்டாருக்கு வேலைக்குப் போனவன். அவன் அங்கே இருக்கும்போது அப்பா பழனியாண்டி மாரடைப்பில் போய்விட்டார். தினேஷ் வரவில்லை. பெரியப்பா மகன்தான் கொள்ளி வைத்தான்.

சாவுச் செய்தியை யாரோ பழனியாண்டியின் படத்தோடு ஃபேஸ்புக்கில் போட்டிருந்தார்கள். முதலில் கண்ணீர் அஞ்சலி, ஆழ்ந்த அனுதாபம். பிறகு ஒருவன் எழுதினான்: பெத்த மகனுக்கு வர நேரமில்லையாம். அதற்குக் கீழே இன்னொருவன். பிறகு பத்துப் பேர். கட்டாரிலிருந்து அவன் அதையெல்லாம் வாசித்திருப்பான். அதன் பிறகு அவனுடைய பழைய ஃபோன் இலக்கம் வேலை செய்யவில்லை. வீட்டுக்கு ஒரு வார்த்தை இல்லை. ஃபேஸ்புக்கில் மட்டும் எப்போதாவது ஒரு படம் போடுவான். ஒவ்வொரு படத்திலும் பளபளவென்று ஒரு கார், பக்கத்தில் அவன்.

யாராவது அந்தப் படத்தை ஜெயம்மாவிடம் காட்டுவார்கள். அவர் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்.

"கார் பக்கத்துல நிக்கிறான் அக்கா," என்று இராஜத்திடம் சொன்னார். "அப்ப நல்லாத்தான் இருக்கான். நம்மதான் வேணாம்னுட்டான்."

"அப்பிடி சொல்லாத."

"ஒரு தடவ அவன் கொரல கேட்டா போதும். திட்டுனாலும் பரவால்ல."

அதை ஒரே ஒரு முறைதான் சொன்னார். இராஜத்துக்கு அது போதுமாக இருந்தது.

அவனுடைய அடுத்த படம் வந்தபோது இராஜம் ஜன்னலோரத்து ஸ்டூலில் இருந்தார். வெள்ளைக் கார். தினேஷ் கறுப்புக் கண்ணாடி போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். இராஜம் காரைப் பார்க்கவில்லை. அவன் கழுத்தைப் பார்த்தார். காறை எலும்பு சட்டைக்கு மேலே தெரிந்தது. வேறு யோசனை வரவில்லை. சசியிடம் பழகிக்கொண்ட மாதிரி மைக்கை அழுத்திப் பேசினார், ஃபோன் அதை எழுத்தாக்கிப் படத்துக்குக் கீழே போட்டது:

தினேசு மெலிஞ்சி போயிட்டியே தம்பி அங்க சோறு குடுக்குறாங்களா இல்லையா.

லயத்தில் அன்பு அப்படித்தான் பேசும். வீட்டு முன் திண்ணையான இஸ்தோப்பில் நின்று எதிர் லயத்து இஸ்தோப்புக்குக் கத்திக் கேட்பார்கள். மெலிந்து போனாய் என்றால் உன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று பொருள். கேட்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்துகொள்வார்கள். யாருக்கும் வெட்கம் இல்லை, எல்லாரும் எல்லாருடைய சோற்றுப் பானையையும் அறிந்தவர்கள். ஃபேஸ்புக்கையும் இராஜம் ஒரு நீளமான லயம் என்றே நினைத்திருந்தார்.

மத்தியானத்துக்குள் சிரிப்புப் பொம்மைகள் நிரம்பின.

'காருக்கு பெட்ரோல் இருக்கு, ஆளுக்கு சோறு இல்ல போல.'

'ஆயாம்மா, ஒரு பார்சல் கட்டி அனுப்புங்க.'

'அப்பன் சாவுக்கு வராதவனுக்கு சோறு எதுக்கு?'

சாயங்காலம் படம் இல்லை. அவனும் இல்லை. இராஜம் மகளுக்கு அழைப்பு எடுத்தார்.

"படத்த காணோம் சசி. அவனயும் காணோம். பேர் போட்டு தேடுனாலும் வரல."

சசி கொழும்பிலிருந்து பார்த்தாள். "ஒங்கள ப்ளொக் பண்ணிட்டான்மா."

"அப்பிடின்னா?"

"ஒங்களுக்கு மட்டும் கதவ சாத்திட்டான்."

இராஜம் ஃபோனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"ஒண்ணும் பிரச்சின இல்லம்மா," என்றாள் சசி. "வேற பேருல ஒரு எக்கவுண்ட் தொறந்து தர்றேன். அவனுக்கு தெரியாது. உள்ள போயிரலாம்."

"கதவ சாத்துனவன் வூட்டுக்குள்ள கூரைய பிரிச்சி எறங்க சொல்றியா?"

"அப்பிடி இல்லம்மா..."

"அவன் சாத்துனது சரிதான். நான் செஞ்சது தப்பு." பிறகு, தனக்கே சொல்வது போல: "ஒரு புள்ளைக்கு தலையில பேன் இருக்குன்னா நான் என்னைக்காவது பிரட்டுக் களத்துல வச்சி சொல்லியிருக்கேனா? அடுப்பங்கரைக்கு கூப்புட்டுத்தானே சொல்லுவேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் ஜெயம்மாவுக்கும் விஷயம் எட்டியிருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இராஜத்துக்குக் கஷ்டமாக இருந்தது. கிடைத்த ஒரே துவாரமும் தன்னால் அடைபட்டுவிட்டது.

கட்டாருக்குப் போகுமுன் தினேஷ் மாவனல்லையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலைக்கு நின்றான். கடைக்காரருடைய மகன் ஆகில் அவனோடு பழகினவன், அவனும் இப்போது கட்டாரில்தான். இராஜம் அவனுடைய பக்கத்தைக் கண்டுபிடித்தார். இந்த முறை படத்துக்குக் கீழே எழுதவில்லை. தனியாக, உள்பெட்டியில் பேசினார். தான் யார் என்று சொன்னார். நோன்பு மாதம் அது.

"அந்த வெயில்ல நின்னு வேல செஞ்சிக்கிட்டு எப்பிடி தம்பி நோம்பு புடிக்கிறீங்க?"

அது சடங்குக்குக் கேட்டதல்ல. பதில் வர வேண்டும் என்று காத்திருந்தார். ஆகில் நீளமாகப் பேசி அனுப்பினான். வேலை நேரத்தை ராத்திரிக்கு மாற்றியிருக்கிறார்களாம், உம்மாவின் கஞ்சி ஞாபகம் வருகிறதாம். இராஜம் அந்தக் கஞ்சியைப் பற்றி இன்னும் கேட்டார். அதன் பிறகுதான் தினேஷின் பேச்சை எடுத்தார். நேராகவே எடுத்தார்.

"தம்பி, ஒன்ன நான் தூது அனுப்பல. நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். நாலு பேரு முன்னால கேக்கக் கூடாதத கேட்டுட்டேன். அது தப்புதான்னு ஆயாம்மா சொன்னாங்கன்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் கேக்காத."

"சொல்றேன் ஆயாம்மா," என்றான் ஆகில். "ஆனா அவன் ஒத்தரோடயும் கதைக்கிறல்ல. எங்கட ரூமுக்கும் வாறல்ல. பாப்போம், இன்ஷா அல்லாஹ்."

பெருநாள் கழிந்து ஒரு காலையில் தினேஷின் பேர் திரும்பவும் தெரிந்தது. கதவு திறந்திருந்தது, ஆனால் வாசலில் யாரும் இல்லை. சசி அன்று லீவில் வந்திருந்தாள்.

"இப்ப கேளுங்கம்மா. ஏன் வூட்டோட பேசலன்னு கேட்டுருங்க."

"கைக்கு புள்ள வந்த ஒடனே ஊசி போடுவாங்களா?"

இராஜம் மைக்கை அழுத்தினார். "தினேசு, ஆயாம்மா. நேத்து மழைக்கு பீலிக்கரை மேட்டுல மண்ணு சரிஞ்சிருச்சி. யாருக்கும் ஒண்ணும் இல்ல. அங்க மழ பெஞ்சா நீங்க என்னா பண்ணுவீங்க?"

கட்டைவிரல் படம் ஒன்று வந்தது.

அதன் பிறகும் அவர் பேசி அனுப்பிக்கொண்டிருந்தார். தினமும் இல்லை, சொல்ல ஏதாவது இருக்கும்போது. மேல் டிவிசனுக்குச் சிறுத்தை வந்தது. கோயில் ஸ்பீக்கர் திருவிழா நடுவில் புகைந்தது. புதிதாக வந்த தோட்டத் துரை சிங்களமும் இங்கிலீஷும் கலந்து பேச, கங்காணி எல்லாவற்றுக்கும் "ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொல்லித் தலையாட்டிவிட்டுப் பின்னால் வந்து சசியிடம் அர்த்தம் கேட்டார். ஒவ்வொன்றின் முடிவிலும் அவனைப் பற்றிய ஒரு கேள்வி. அவனுடைய அம்மாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. பதிலுக்கு வந்ததெல்லாம் கட்டைவிரல்.

"வெரல காட்டிக்கிட்டே இருக்கான்," என்று மகளிடம் சொன்னார்.

"அது நல்ல அர்த்தந்தான்மா. சரின்னு சொல்றான்."

"பல்லு மொளைக்காத புள்ளகூட என்னமோ ஒரு சத்தம் போடும்."

ஒரு நாள் சத்தம் வந்தது. சின்னக் குரல்செய்தி. "இங்க மழையே இல்ல ஆயாம்மா." அவ்வளவுதான். மழையைப் பற்றிக் கேட்டு வாரக்கணக்கில் ஆகியிருந்தது. இராஜம் ஜன்னல் பக்கம் நின்று அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் போகாதபடி ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டார். குரல் அடைத்திருந்தது.

"சளி புடிச்சிருக்கே. என்னா குடிக்கிற?"

"ஒண்ணும் குடிக்கல. நாள் பூரா தண்ணியில நிக்கிற வேல. விட்டு விட்டு வருது."

"என்னா வேல தம்பி?"

அதற்குப் பதில் வரவில்லை. இராஜம் வற்புறுத்தவில்லை. அடுத்த முறை வேறு கேட்டார். அவனோடு ஒரே தொட்டில் வரிசையில் கிடந்த டிலானிக்குப் பெண்பிள்ளை பிறந்ததைச் சொல்லி, என்ன பேர் வைக்கலாம் என்று யோசனை கேட்டார். அவன் ஒரு பேர் சொன்னான். நடிகை பேர். டிலானி "பைத்தியமா அவனுக்கு" என்றாள். அதையும் அப்படியே அவனுக்கு அனுப்பினார். முதல் முறையாக அவன் சிரிக்கிற சத்தம் வந்தது. சிரிப்பின் முடிவில் இருமல்.

உண்மை அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை வந்தது. நீளமான செய்தி. நடுவில் நிறுத்தி நிறுத்திப் பேசியிருந்தான்.

"ஆயாம்மா, அந்த காரெல்லாம் நான் கழுவுற காரு. கூட்டிட்டு வந்த கம்பெனி மூடிட்டாங்க. பாஸ்போர்ட் அவங்ககிட்டயே போயிருச்சி. விசா முடிஞ்சி ரொம்ப நாள். அப்பா செத்தப்ப எயார்போட்டுக்கு போனா புடிச்சி உள்ள போட்டுருவாங்கன்னு சொன்னாங்க. பயந்துட்டேன். ஒளிஞ்சி இருந்துட்டேன். அப்புறம் ஃபேஸ்புக்குல எல்லாரும் எழுதுனத பாத்தேன். அம்மாவும் அப்பிடித்தான் நெனைக்கும். கார் படம் போட்டா நல்லா இருக்கான்னாவது நெனைக்கும்னு போட்டேன். நீங்க ஒருத்தருதான் கழுத்த பாத்தீங்க." இடையில் ஒரு இருமல். "அம்மாகிட்ட சொல்லிராதீங்க."

இராஜம் பதில் அனுப்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

"சொல்ல மாட்டேன். அது நீ சொல்ல வேண்டியது. ஆனா ஒண்ணு கேளு. நீ சொல்லாம இருந்தா ஒங்கம்மா மனசுல நெனைச்சிக்கிறது நெசத்த விட மோசம். அத நான் தெனமும் சுவத்துக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

அவன் அதைக் கேட்டுவிட்டான் என்று ஃபோன் காட்டியது.

வாக்குக் கொடுத்தவருக்குத் தூக்கம் கெட்டது. ஜெயம்மா முட்டாள் இல்லை. இராஜம் சில நாட்களில் ஃபோனைக் காதில் அழுத்துவதையும் சில நாட்களில் வெளியே வைத்துக் கேட்பதையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் குடத்தை வைத்துவிட்டுக் கேட்டார்.

"யாரோட அக்கா அவ்ளோ பேச்சு?"

இராஜத்துக்குப் பொய் சொல்ல வராது. "நம்ம காம்பராவுல வளந்த ஒரு புள்ளையோட."

ஜெயம்மா தண்ணீர் நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் புள்ள நல்லா இருக்கா?"

"சளி. விட்டு விட்டு வருதாம்."

வேறொன்றும் கேட்கவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் இராஜத்தின் வாசலுக்கு வந்தபோது கையில் ஒரு பேப்பர் பொட்டலம் இருந்தது. பிரித்துக் காட்டினார். வறுத்த கொத்தமல்லி, சுக்கு, சளிக்கும் காய்ச்சலுக்கும் அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அவிக்கிற வெனிவெல் துண்டு நாலு.

"அந்தப் புள்ளைகிட்ட சொல்லுங்க அக்கா. இத அவிச்சி குடிக்க சொல்லி."

"ஜெயம்மா, இது அங்க போய்ச் சேராதே."

"தெரியும். சொல்லவாவது செய்யலாமே."

இராஜம் அவரைப் பார்த்தார். ஜெயம்மா பார்வையை விலக்கவில்லை. யார் அந்தப் பிள்ளை என்று அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

"கைய அப்பிடியே வச்சிக்க," என்றார் இராஜம்.

ஒரு படம் எடுத்தார். உள்ளங்கையும் பொட்டலமும் மட்டும். ஆட்காட்டி விரலின் அடியில் பால் வெட்டும் கத்தி கிழித்த பழைய வடு தெரிந்தது. அதை அனுப்பிவிட்டு, ஜெயம்மா பக்கத்தில் நிற்கும்போதே மைக்கை அழுத்தினார்.

"தம்பி, நான் ஒண்ணும் சொல்லல. சளின்னு மட்டும் சொன்னேன். யாருக்குன்னு கேக்காம இத கட்டிக்கிட்டு வந்து நிக்கிறாங்க."

அழைப்பு வந்தபோது ஜெயம்மா இன்னும் போகவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து பொட்டலத்தைத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார். வீடியோ அழைப்பு. இராஜம் பச்சைப் பொத்தானை அழுத்தி ஃபோனை ஜெயம்மாவின் கையில் கொடுத்து ஸ்டூலில் உட்கார வைத்தார்.

ஜெயம்மாவுக்குத் தெரிந்தது ஒரு வகை ஃபோன்தான். காதில் வைத்துக்கொண்டார்.

"யாரு?"

"அம்மா."

ஜெயம்மாவின் வாயிலிருந்து வந்தது வசவு.

"ஏண்டா நாயே. செத்துப் போயிட்டியா உசுரோட இருக்கியா? ஆத்தாக்காரி ஒருத்தி இருக்கான்னு ஞாபகம் இருந்திச்சா? ஒங்கப்பன் கடைசி வரைக்கும் வாசல பாத்துக்கிட்டு..." அங்கே நின்றது.

"அம்மா, ஃபோன மூஞ்சிக்கு நேரா புடிங்க. காதுதான் தெரியுது."

"காது தெரியுதா?"

"காதும் முடியும். முடியெல்லாம் வெள்ளையாயிருச்சி."

"பாத்துக்க. நல்லா பாத்துக்க. ஒன்னாலதான்."

திருப்பிப் பிடிக்கவில்லை. முகத்தைக் காட்டினால் தான் அழுவது தெரிந்துவிடும் என்று பயந்திருக்கலாம். தினேஷ் மறுபடி கேட்கவில்லை. அம்மாவின் காதைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான். கம்பெனி, பாஸ்போர்ட், கார் கழுவுகிற இடம், பயம். அவன் முடித்ததும் ஜெயம்மா கேட்டார்.

"எழுதுனவன்ல யாராவது நம்ம வாசலுக்கு வந்து ஒனக்கு என்னா ஆச்சின்னு கேட்டாங்களா?"

"இல்ல."

"நான் எழுதுனேனா?"

"இல்லம்மா."

"அப்ப யாருக்கு பயந்து ஒளிஞ்ச?"

அவன் அழ ஆரம்பித்தான். அது ஃபோனுக்கு வெளியேயும் கேட்டது. இராஜம் அந்த நேரத்தில்தான் வெளியே வந்தார்.

பிறகு நடந்தவற்றை மற்றவர்கள் செய்தார்கள். ஆகில் அவனைக் கூட்டிக்கொண்டு தூதரகத்துக்குப் போனான். விண்ணப்பங்களை சசி கொழும்பில் தேடி எடுத்து நிரப்பி அனுப்பினாள். அது மெதுவான வேலை, மாதங்கள் பிடித்தது, கடைசியில் தினேஷ் வந்து சேர்ந்தான். அந்தப் பங்கைக் கேட்டால் சசி மணிக்கணக்கில் சொல்லுவாள். ஆனால் விண்ணப்பம் நிரப்ப ஆட்கள் எப்போதும் இருந்தார்கள். யாருக்காக நிரப்ப வேண்டுமோ அந்த ஆளைக் கண்டுபிடித்துப் பேச வைத்தவர் ஒருவர்தான்.

அந்த மாதங்களில் ஜெயம்மா தினமும் சாயங்காலம் இராஜத்தின் ஜன்னலோரத்துக்கு வருவார். சிக்னல் அங்கேதான் இருந்தது. சசி ஜெயம்மாவுக்கென்று ஒரு பழைய ஃபோனைக் கொண்டுவந்து கொடுத்தாள். அப்போதும் ஸ்டூல் இராஜத்தின் வீட்டில்தான். அம்மாவும் மகனும் பேசும்போது மூன்றாவது ஆள் உள்ளே இருக்கக் கூடாது என்பது இராஜத்தின் கணக்கு. அவர்கள் பேச ஆரம்பித்ததும் எழுந்து வெளியே போய்விடுவார். மழை பெய்தால் இஸ்தோப்பின் ஓரத்தில், சாரல் படாத இடத்தில் நிற்பார்.

அப்படி ஒரு நாள் நின்றுகொண்டிருந்தார். நல்ல மழை. டிலானி பிள்ளையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு ஓடி வந்தாள்.

"என்னா ஆயாம்மா, ஒங்க வூட்டுக்கே வெளிய நிக்கிறீங்க? யாரு தொரத்துனது?"

"உள்ள பேச்சுவார்த்த நடக்குது."

"எவ்ளோ நேரமா?"

"பெருசா ஒண்ணும் இல்ல. இன்னைக்கு என்னமோ அவங்க அப்பாவ பத்தி பேசுறாங்க. சிரிப்பு சத்தம் கேக்குது."

"ஒங்களுக்கு காலு வலிக்கலியா?"

இராஜம் பிள்ளையின் முகத்தை மூடியிருந்த தலைப்பை விலக்கிப் பார்த்தார். ஜன்னலுக்கு உள்ளே ஜெயம்மா சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார், மழையையும் தாண்டி லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி. கேட்கட்டும் என்றுதான் பேசினார். "என் மகன்தான் பேசுறான்," என்று நடுவில் யாருக்கோ சொன்னார். எதிர் லயத்து இஸ்தோப்பில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அன்று படத்துக்குக் கீழே எழுதியவர்களில் ஒருவனும் அங்கே நின்றான். அவன் உள்ளே போய்விட்டான்.

இராஜம் நிமிர்ந்து நின்றார். நனைந்த கால் ஒன்றை மற்றக் காலின் மேல் துடைத்துக்கொண்டு, டிலானியிடம் கேட்டார்.

"ராத்திரி தூங்குனாளா?"

பதில் வரும்வரை காத்திருந்தார்.